கொட்டிவாக்கம் மணலில் வெண்டை: வேர்முடிச்சும் செண்டுமல்லியும்

இந்தப் பங்குனியில் நெம்பி எடுத்த வெண்டைச் செடியின் வேரில், நூற்புழு என்கிற மண்புழுதி அளவுப் புழுவால் வரும் முடிச்சு இல்லை. நீளமாக, வெள்ளையாக, ஒழுங்காகப் பிரிந்து இறங்கிய வேர். 2022-லிருந்து இந்த மனையில் நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். காய் கூடை நிறைய வந்தது சந்தோஷம், ஆனால் அந்த வேரைக் கழுவிப் பார்த்தது அதைவிடப் பெரிய சந்தோஷம். திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை கடலோர மணலில் காய்கறி போட்டு, காரணம் தெரியாமல் செடிகளைப் பறிகொடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: இந்தப் புழுவை அடக்கச் செண்டுமல்லியைப் பாத்தி முழுக்க நெருக்கமாக, ஒரு தனிப் பயிராக, முழு காலமும் வளர்க்க வேண்டும். வரப்போரம் அழகுக்கு நாலு செடி வைத்தால் நடக்காது.

மனை சென்னை கொட்டிவாக்கத்தில், ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கடல் பக்கம், எங்கள் வீட்டை ஒட்டிய காலிமனை. அரை கிரவுண்ட், அதாவது 1,200 சதுர அடி. உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார். யாரும் குப்பை கொட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும், காய்கறி போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். எருக்கு, நெருஞ்சி, சீமைக்கருவேலங் கன்று, அதற்கெல்லாம் கீழே பக்கத்துக் கட்டடங்களின் மிச்சம். கூலிக்கு வந்த அண்ணன் விழுப்புரம் பக்கத்துக்காரர், ஊரில் அவருக்கும் கொஞ்சம் நிலம் உண்டு. அவர் கடப்பாரை போட, நான் அரை அங்குலக் கம்பிச் சல்லடையில் சலித்தேன். ஓர் அடி ஆழம் வரைக்கும் சலித்ததில் செங்கல் துண்டு, டைல்ஸ் சில்லு, கண்ணாடி, ஆணி எல்லாம் பாண்டு பாண்டாக வெளியே போனது. சல்லடைக்கு 450 ரூபாய் கொடுத்தேன். இன்றுவரை அதிகம் உழைத்த சாமான் அதுதான். எரு சலிக்கவும், குழித்தட்டுக்கு மண் கலக்கவும், அறுவடை முடிந்து வேர் பொறுக்கவும் அதேதான்.

சலித்து முடித்தால் கையில் இருப்பது சுத்தமான கடல் மணல். ஓர் அடிக் குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் நின்று பார்ப்பதற்குள் உள்ளே போய்விடும். அதனால் ஒரு குட்டியானை லோடு செம்மண் (3,500 ரூபாய்), மக்கிய மாட்டு எரு 20 மூட்டை (மூட்டை 120 ரூபாய்), ஐந்து கிலோ தென்னை நார்க்கழிவுக் கட்டி நான்கு, இவற்றை எல்லாம் மேல் ஓர் அடியில் கலந்தோம். நாலு பாத்தி. ஒவ்வொன்றும் நாலடிக்குப் பதினைந்தடி. எல்லோரும் மேட்டுப்பாத்தி போடச் சொல்வார்கள், அது களிமண்ணுக்குச் சரி. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் என்றால் நானும் மேட்டுப்பாத்திதான் போட்டிருப்பேன். மணலுக்குப் பள்ளப்பாத்தி வேண்டும். நடைபாதையைவிட நாலு அங்குலம் தாழ்த்திக் கட்டினோம். வெயில் காலத்தில் ஊற்றுகிற தண்ணீர் பாத்திக்குள்ளேயே இறங்கும். ஐப்பசி மழையிலும் மணல் தண்ணீரைப் பிடித்து வைப்பதில்லை, வேர் அழுகும் பயம் இல்லை.

கிழக்குப் பக்கம் வரிசையாக அகத்தி. மதியத்துக்கு மேல் அடிக்கிற கடல்காற்று உப்பைக் கொண்டுவந்து இலை ஓரத்தைக் கருக்கும், அதைத் தடுக்க. அகத்தி ஒரே பருவத்தில் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது, கீரையும் பூவும் போனஸ். தண்ணீர் எங்கள் வீட்டு உறைக்கிணற்றிலிருந்து. கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டரில் மார்கழியில் 600-க்குள் இருக்கும், வைகாசியில் 1,100 வரை ஏறும். மே மாதத்தில் மட்டும் கீரையும் பீன்ஸும் வைப்பதில்லை, மற்றபடி இந்தத் தண்ணீர் போதும்.

2022 ஆடியில் முதல் விதைப்பு. வெண்டை விதையை நேராக ஊன்றினேன். கத்திரி, தக்காளி நாற்றை ஒரு நர்சரியிலிருந்து பையோடு வாங்கினேன். புடலை, பீர்க்கன் வேலியோரம். அத்தைக்குக் கனகாம்பரம் வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை, டெல்லி கனகாம்பரம் ஒரு வரிசை. முதல் மாதம் எல்லாம் நன்றாகத்தான் வந்தது. ஆவணி நடுவில் வெண்டை முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. காலையில் தெளிச்சியாக இருக்கும். பதினோரு மணிக்கு மேல் இலை எல்லாம் தொங்கும். சாயங்காலம் மறுபடி நிமிரும். கத்திரி வெளிறிப் போய், பூத்து, பூ உதிர்ந்தது. கனகாம்பரம் இலை சிறுத்து, செம்பழுப்பு ஏறி, அப்படியே உட்கார்ந்துவிட்டது.

மதியம் வாடுகிறது என்றால் எவருக்கும் முதலில் தண்ணீர்தான் தோன்றும். இரண்டு வேளை ஊற்றினேன். பிறகு உப்பாக இருக்குமோ என்று லாரித் தண்ணீர் வாங்கி ஒரு பாத்திக்கு மட்டும் விட்டுப் பார்த்தேன், வித்தியாசமே இல்லை. பிறகு சத்துக்குறை என்று பஞ்சகவ்யம், மீன் அமிலம், நுண்ணூட்டக் கலவை. தெளித்த வாரம் இலை கொஞ்சம் பச்சை கட்டும், அப்புறம் பழைய கதை. பூ உதிர்வுக்குத் தேமோர்க் கரைசலும் ஆயிற்று. இவை எல்லாம் நல்ல சாமான்கள்தான். ஆனால் உறிஞ்சுகிற வேர் பழுதாகிவிட்டால் மேலே எதைக் கொடுத்தும் பயனில்லை.

களை எடுக்க வந்த அண்ணன்தான் பார்த்தார். "தண்ணிய ஊத்தி ஊத்தி என்னாங்க ஆவப் போவுது? மொதல்ல வேரப் பாருங்க" என்று ஒரு வெண்டையைப் பிடித்து இழுத்தார். மணலில் சுலபமாக வந்துவிட்டது. வேர் இருக்க வேண்டிய இடத்தில் குட்டி குட்டி இஞ்சித் துண்டுகளைக் கோத்துவிட்டதுபோல வீங்கிக் கிடந்தது. "இது வேர்முடிச்சு. எங்க ஊர்ல கத்திரிக் கொல்லையில இது வந்துச்சுன்னா அடுத்த போகம் மணிலாதான் போடுவாங்க" என்றார். மணிலா என்றால் வேர்க்கடலை.

வேர்முடிச்சு நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத அளவில் மண்ணில் இருக்கும். வேர் நுனி வழியாக உள்ளே புகுந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும், சூடான மண்ணில் நாலு வாரத்துக்குள் அடுத்த தலைமுறை தயார். சென்னையில் மண் குளிர்கிற மாதம் என்று ஒன்று இல்லாததால் வருடம் முழுக்க இதே வேலைதான். காற்றோட்டமான மணல் அதற்கு ரொம்பப் பிடித்த இடம். வெண்டை, கத்திரி, தக்காளி, வெள்ளரி, பீர்க்கன், புடலை என நமக்கு வேண்டிய எல்லாமே அதற்கும் சாப்பாடு.

வேரைப் பார்க்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். செடியைப் பிடுங்காமல், சுற்றிலும் களைக்கொத்தியால் நெம்பி, மண்ணோடு தூக்கி, ஒரு வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்துவிட்டு மெதுவாக அலச வேண்டும். இழுத்துப் பிடுங்கினால் முடிச்சுள்ள மெல்லிய வேர்கள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும், வேர் சுத்தமாக இருப்பதுபோலத் தெரியும். அன்று வெண்டைக்குப் பக்கத்தில் காராமணியும் இருந்தது, அதன் வேரிலும் உருண்டைகள். இரண்டையும் ஒரு வெள்ளைத் தட்டில் போட்டுக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். காராமணி வேரில் சில உருண்டைகள் கடுகுபோல உதிர்ந்து வந்தன. பிளேடால் வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பு. அது வேர் முண்டு, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிற நல்ல பாக்டீரியா குடியிருக்கும் இடம். இன்னும் சில உருண்டைகள் தேய்த்தால் வரவில்லை, வேரே அந்த இடத்தில் பருத்திருந்தது. அதைக் கீறி, தபால்தலை சேகரிப்பவர்கள் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியில் பார்த்தால், ஊசிமுனை அளவில் முத்து நிறத்தில் ஒரு பளபளப்பு. அது பெண் புழு. உதிர்ந்தால் நல்லது, ஒட்டியிருந்தால் கெட்டது. இதற்குமேல் எந்த ஆய்வகமும் எனக்குத் தேவைப்படவில்லை.

அது எங்கிருந்து வந்தது? மணலிலேயே இருந்திருக்கலாம், செம்மண் லோடில் வந்திருக்கலாம். எனக்கு அதிகச் சந்தேகம் நர்சரி நாற்றுப் பைகள்மேல்தான். மிச்சம் நடாமல் வைத்திருந்த ஒரு தக்காளிப் பையைக் கிழித்துப் பார்த்தபோது அதிலும் முடிச்சு இருந்தது. அதற்குப் பிறகு எந்த நாற்றையும் பையை உரித்து வேரைப் பார்க்காமல் மனைக்குள் விடுவதில்லை. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. இப்போது பெரும்பாலும் நானே 98 குழித் தட்டில், நார்க்கழிவில் விதைத்துக்கொள்கிறேன். மண்ணே சேராத நார்க்கழிவில் நூற்புழு வர வழியில்லை.

2023 தையில், படித்ததையும் கேட்டதையும் வைத்து இரண்டு வேலை செய்தேன். ஒன்று, நடுகிற குழிக்குக் குழி வேப்பம் புண்ணாக்கு, செடிக்கு 100 கிராம். இன்னொன்று, ஒவ்வொரு பாத்தியின் ஓரத்திலும் ஒரு வரிசை செண்டுமல்லி. நூற்புழுவை விரட்டும் என்று எல்லோரும் சொல்வது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. தேனீக்கள் வந்தன, பீர்க்கன் முன்னைவிட நன்றாகப் பிஞ்சு பிடித்தது. வேரில் மட்டும் பெரிய மாற்றம் இல்லை. செண்டுமல்லிக்கு அரை அடிக்குள் இருந்த வெண்டையில் முடிச்சு குறைவு. ஓர் அடி தள்ளி இருந்ததில் பழையபடியே. புண்ணாக்கு போட்ட குழிகளில் செடி நாலைந்து வாரம் கூடுதலாகத் தாக்குப் பிடித்தது, அவ்வளவுதான். முடிச்சு விழுந்து நிற்கிற செடிக்குப் புண்ணாக்கு போடுவது காசுக்குக் கேடு.

அந்தக் கோடையில் பாத்திகளைச் சும்மா விட்டிருந்தேன். பட்டினி போட்டால் புழு குறையும் என்ற கணக்கு. கணக்கு சரி, ஆனால் மணத்தக்காளி தானாக முளைத்தது. கீரைக்கு ஆகும், வாய்ப்புண்ணுக்கு நல்லது என்று விட்டுவைத்தோம். ஆடி விதைப்புக்கு முன் அதைப் பிடுங்கியபோது வெண்டையைவிட மோசமான வேர். களைகள்தான் புழுவுக்கு இரண்டு பருவத்துக்கு நடுவில் சத்திரம். ஆக 2023 ஆடிப்பட்டமும் போயிற்று. மிச்சம் நின்றவற்றை டிசம்பரில் மிக்ஜாம் புயல் காற்று சாய்த்துவிட்டது. எங்கள் தெரு மணல் ஆதலால் தண்ணீர் சீக்கிரம் வடிந்தது. நகரில் அந்த வாரம் எத்தனையோ பேர் பட்ட பாட்டுக்கு முன்னால் எங்கள் வெண்டை ஒரு பொருட்டே இல்லை.

2024-இல் முறையாகச் செய்ய முடிவெடுத்தேன். நாலு பாத்தி இருக்கிறது. நாலிலும் ஒரே மருந்து என்றால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது. முதல் பாத்திக்குக் கோடையில், வெயில் சூட்டில் மண்ணை வேகவைக்கப் பாலித்தீன் மூடாக்கு, பிறகு செண்டுமல்லி. இரண்டாவதற்குச் செண்டுமல்லி மட்டும். மூன்றாவதற்கு மூடாக்கு மட்டும். நாலாவதற்கு வேப்பம் புண்ணாக்கு மட்டும். கடைசியில் நாலிலும் ஒரே வெண்டை ரகம், ஒரே நாளில்.

மூடாக்குக்குக் கத்திரி வெயிலைவிட நல்ல சமயம் கிடையாது. அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்கு முன்பே, ஏப்ரல் கடைசியில் பாத்தியைக் கொத்திச் சமன்செய்து, ஓர் அடி ஆழத்துக்கு ஈரம் இறங்கும்படி தண்ணீர் விட்டேன். காய்ந்த மண்ணில் சூடு கீழே போகாது, ஈர மண்ணில்தான் போகும். மறுநாள் காலை 50 மைக்ரான் வெள்ளைப் பாலித்தீன், நன்றாகக் கண்ணாடியாகத் தெரிகிற ரகம், ஆறடி அகலத்தில் விரித்தோம். நாலு ஓரமும் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, மண் ஏற்றி மிதித்தோம். தாள் மண்ணோடு ஒட்டி இருக்க வேண்டும். நடுவில் தொப்பை போட்டால் காற்று நின்று சூடு குறையும், கடல்காற்றும் சீக்கிரம் கிழித்துவிடும். பாரிமுனையில் கிலோ கணக்கில் வாங்கினேன். இரண்டு பாத்திக்கும் ஒரு கிலோவுக்குள் அடங்கிவிட்டது, 200 ரூபாய்.

கறுப்புத் தாள் போடச் சொன்னவர்கள் உண்டு. கறுப்பு சூட்டை இழுக்கும் என்பது சரி, ஆனால் அந்தச் சூடு தாளோடு நின்றுவிடுகிறது. மூன்றாம் பாத்தியின் ஒரு முனையில் மூன்றடிக்குக் கறுப்பைப் போட்டுப் பார்த்தேன். சமையலுக்கு விற்கிற குச்சி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டரை (280 ரூபாய்) தாளில் ஒரு சின்னத் துளை வழியாக இறக்கிப் பகல் இரண்டரை மணிக்கு எடுத்த அளவு: வெள்ளைத் தாளுக்குக் கீழே நாலு அங்குலத்தில் 49 டிகிரி செல்சியஸ். கறுப்புக்குக் கீழே 44. ஒன்றும் மூடாத நாலாம் பாத்தியில் 39. வெள்ளையிலேயே பத்து அங்குல ஆழத்தில் 40-தான். இந்தக் கடைசி எண்தான் முக்கியம். மேல் மண் வெந்துவிடுகிறது, அடிமண்ணில் இருப்பவை பிழைத்துக்கொள்கின்றன. மூடாக்கு மட்டும் போட்டால் போதாது என்பது அப்போதே புரிந்தது. துளையை ஒவ்வொரு முறையும் செலோடேப்பால் ஒட்டிவிட வேண்டும். ஆறு வாரம் கழித்து, ஜூன் நடுவில் எடுத்தேன். கோரை தவிர ஒரு களை விதைகூடப் பிழைத்திருக்கவில்லை. கோரைக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை, கிழங்கோடு தோண்டத்தான் வேண்டும்.

செண்டுமல்லி விதைக்குச் செலவில்லை. முந்தைய வருடம் வரப்போரம் வைத்ததில், செடியிலேயே காயவிட்ட பூக்களை உதிர்த்துக் காகித உறையில் வைத்திருந்தேன். பெரிய மஞ்சள் உருண்டை ரகம் இல்லை, குட்டையாக வளர்கிற, கருஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த சின்னப் பூ ரகம். வேர்முடிச்சுக்கு இந்தக் குட்டை ரகம்தான் பேர்போனது. பெரிய பூ ரகமும் வேலை செய்யும், ஆனால் அரை அடியில் நெருக்கி நட்டால் ஒன்றின்மேல் ஒன்று சாயும். மே கடைசியில் ஐந்து குழித்தட்டில் விதைத்து, நாலு இலை விட்டதும் ஜூன் மூன்றாம் வாரம் நடவு. பூவுக்காக நடுகிறவர்கள் ஒன்றரை அடி விடுவார்கள். நான் எல்லாப் பக்கமும் அரை அடி மட்டும் விட்டேன். நாலடி அகலத்தில் ஏழு வரிசை, பாத்திக்குச் சுமார் 200 செடி. வேர்கள் பாத்தி முழுக்க ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். நூற்புழு இந்த வேருக்குள் புகும், ஆனால் உள்ளே வளர்ந்து முட்டை வைக்க அந்த வேர் விடாது. வேர் போகாத இடத்தில் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. முந்தைய வருட வரப்பு வரிசையில் அரை அடிக்கு அப்பால் பலன் தெரியாததற்கு இதுதான் காரணம்.

நட்ட முதல் மாதம் களை எடுப்பதில் ரொம்பக் கறாராக இருந்தேன். செடிக்கு நடுவில் ஒரு மணத்தக்காளி தலைகாட்டினாலும் பிடுங்கி, வேரோடு வெளியே. அதைத் தொட்டியில் தனியாக வளர்த்து அத்தையின் குழம்புக்குக் குறை வைக்கவில்லை. ஆகஸ்டில் மழை இல்லாத ஒரு இடைவெளியில் இலைக்கு அடியில் சிவப்புச் சிலந்தி வந்தது, இலை மணல் தூவியதுபோல வெளுத்தது. ஹோஸ் பைப்பில் விரலை வைத்துப் பீய்ச்சி, அடியிலிருந்து மேலாக, காலை வேளைகளில் அடித்ததில் அடங்கியது. மருந்து எதுவும் அடிக்கவில்லை, அந்தப் பூவைச் சாமிக்கும் வைக்கிறோம், தலையிலும் வைக்கிறார்கள்.

விநாயகர் சதுர்த்திக்கு முதல் பூ. அதிலிருந்து ஆயுதபூஜை வரைக்கும் நிற்காமல் பூத்தது. தெருமுனையில் பூக்கடை வைத்திருக்கும் அக்காவிடம் ஒரு பை கொண்டுபோய்க் காட்டினேன். அக்கா ஒரு பூவை எடுத்து, காம்பைத் திருப்பிப் பார்த்து, "இன்னா கண்ணு, இவ்ளோ சின்னதா கீதே. மாலைக்கு ஆவாது. உதிரிக்கு எடுத்துக்கிறேன், கோயம்பேட்டுப் பூவவிட வாடாம நிக்கிது" என்றார். சாதாரண நாளில் கிலோ 40, ஆயுதபூஜைக்கு முந்திய இரண்டு நாள் 90. வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொடுத்ததுபோக 12 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் விற்றோம். மண் மருந்துக்கு வைத்த செடி பாலித்தீன் செலவையும் தட்டுச் செலவையும் தானே கட்டிவிட்டது.

ஐப்பசியில் மழை பலமாக இறங்கும் முன், அக்டோபர் கடைசியில், செடிகளைத் தரையோடு வெட்டி, கத்தியால் சாண் சாணாக நறுக்கி, வேரோடு பாத்தியிலேயே மண்வெட்டியால் கொத்திப் புரட்டினேன். மேலே தென்னை ஓலை. நாலாம் பாத்திக்கு வேப்பம் புண்ணாக்கு ஒன்றரை கிலோ தூவிக் கொத்திவிட்டேன், 75 ரூபாய். நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மழை எல்லாம் அதன்மேல்தான் பெய்தது. மார்கழியில் ஓலையை எடுத்துப் பார்த்தபோது தண்டு எல்லாம் மக்கி, மணல் கையில் கொஞ்சம் ஒட்டியது. இந்த மண்ணில் அது பெரிய விஷயம். அடைமழை மணலில் இருக்கிற சத்தை எல்லாம் கீழே அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால் அடியுரமாகப் பாத்திக்கு இரண்டு மூட்டை மக்கிய எரு போட்டுக்கொண்டேன்.

2025 பொங்கல் கழிந்த வாரம் வெண்டை. அர்கா அனாமிகா, மஞ்சள் நரம்புத் தேமல் நோயைத் தாங்கும் ரகம். பாத்திக்கு மூன்று வரிசை, அடிக்கு ஒன்று, சுமார் 45 செடி. நாலுக்கும் ஒரே தண்ணீர், ஒரே எரு. முதல் பூ வந்ததும் ஒவ்வொரு பாத்தியின் நடுவிலிருந்தும் ஒரு செடியை நெம்பி எடுத்து அலசினேன், பங்குனியில் மறுபடி இரண்டிரண்டு.

நாலாம் பாத்தியில், புண்ணாக்கு மட்டும் போட்டதில், வேர் முழுக்க முடிச்சு. செடி இடுப்பளவோடு நின்றது. மூன்றாம் பாத்தியில், மூடாக்கு மட்டும் போட்டதில், மேல் வேர்கள் அழகாக இருந்தன. முக்கால் அடிக்குக் கீழே போன வேர்களில் மட்டும் கொத்துக் கொத்தாக முடிச்சு. தெர்மாமீட்டர் காட்டிய அதே ஆழம். பூக்கும்வரை முதல் பாத்தியோடு போட்டிபோட்ட செடிகள், மாசி கடைசியில் மதிய வாட்டம் காட்டத் தொடங்கின. இரண்டாம் பாத்தியில், செண்டுமல்லி மட்டும் போட்டதில், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்ன முடிச்சு. காய்ப்பில் குறை தெரியவில்லை. முதல் பாத்தியில் இரண்டு தடவையும் ஒன்றும் இல்லை. அந்த ஒரு பாத்தியில் மட்டும் பங்குனி முடிய 14 கிலோ காய், நாலாவதில் நாலு கிலோ தேறவில்லை. இரண்டாவதுக்கும் முதலாவதுக்கும் இடையே காயில் ஒன்றரை கிலோதான் வித்தியாசம். கோடையில் மூடாக்கு போட வசதியில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், செண்டுமல்லியை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே போதும் என்பேன்.

புழு அடியோடு ஒழிந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. அடுத்த வெண்டை போட்டால் மறுபடி பெருகும். பக்கத்துப் பாத்தி மண் மண்வெட்டியில் ஒட்டி வந்தாலே போதும். இப்போது நாலாம் பாத்தியில் வேலை செய்துவிட்டு மற்றதில் இறங்கினால் மண்வெட்டி, களைக்கொத்தி, செருப்பு மூன்றையும் கழுவிவிட்டுத்தான். வேலையை எப்போதும் சுத்தமான பாத்தியில் தொடங்கி மோசமானதில் முடிக்கிறேன். முடிச்சு வேர்களை உரக்குழியில் போடுவதில்லை, வெயிலில் மொட்டைமாடித் தரையில் நன்றாகக் காயவைத்து எரித்துவிடுகிறேன்.

மூடாக்கு, குழித்தட்டு, புண்ணாக்கு, தெர்மாமீட்டர், கூலி எல்லாம் சேர்த்து 2024-25-க்கு ஆன செலவு 2,100 ரூபாய். அதில் கூலிதான் 1,400. முதல் வருடம் நுண்ணூட்டம், லாரித் தண்ணீர், தெளிப்பு என்று காரணம் தெரியாமல் செலவழித்தது இதைவிட அதிகம்.

அடுத்து மாற்றப்போவது இவை. நாலு பாத்தியில் ஒன்று எப்போதும் ஆனியிலிருந்து ஐப்பசி வரை செண்டுமல்லிக்கு, சுற்றிச் சுற்றி. இந்த வருடம் நாலாவது. ஏப்ரலிலேயே வெள்ளைத் தாள் போட்டாகிவிட்டது, இந்த முறை இரண்டடி இடைவெளியில் மேலே செங்கல் வைத்தேன், காற்றுக்கு அசையவில்லை. மூன்றாம் பாத்தியில் அண்ணன் சொன்ன மணிலா. இரண்டாவதில் பசுந்தாள் உரச் செடியான சணப்பு விதைத்துப் பூ எடுக்கும் சமயத்தில் மடக்கி உழலாம் என்று இருக்கிறேன், அதுவும் இந்தப் புழுவைக் கட்டுப்படுத்தும் என்பதோடு மணலுக்குத் தழைச்சத்தும் சேரும். கத்திரிக்கு வேறு வழி பார்க்கிறேன். சுண்டைக்காய்ச் செடியின் வேர் நூற்புழுவைத் தாங்கும். அதன்மேல் கத்திரியை ஒட்டுக் கட்டினால் மண்ணைப் பற்றிக் கவலை குறையும். சுண்டை விதை முளைக்க மெதுவானது, கத்திரிக்கு ஒரு மாதம் முன்பே போட வேண்டும். போன வாரம் இரண்டு தட்டு விதைத்திருக்கிறேன், இன்னும் முளை காணவில்லை. கனகாம்பரம் முதல் பாத்தியின் தெற்கு முனையில் பன்னிரண்டு செடி, நார்க்கழிவில் நானே வளர்த்த நாற்று. அத்தை காலையும் மாலையும் பார்த்துக்கொள்கிறார். இலை இதுவரை நல்ல பச்சை, முதல் கதிர் விட்டிருக்கிறது. ஆவணியில் ஒன்றை நெம்பி வேர் பார்க்க வேண்டும் என்று சொன்னேன், அதற்கு மட்டும் அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.